நூற்றுப் பதினெட்டு 'இல்லை'கள்

கொழும்பு மட்டக்குளித் தோணித்துறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைக் கோட்டும் வேட்டியுமாக, கக்கத்தில் ஒரு நீளப் பெயர் இடாப்பை இடுக்கிக்கொண்டு நிற்கிறேன். தோணியில் பதினொரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேர் சேராமல் தோணிக்காரன் தடியை எடுப்பதில்லை. நான் பன்னிரண்டாவது ஆளாக ஏறியும் அவன் எடுக்கவில்லை. ஆட்டுக்குட்டியோடு ஒருவர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

"போவம், போவம்" என்று கத்தினேன். பிறகு நினைவு வந்து சிங்களத்தில் "யமு, யமு" என்றேன்.

"பொட்டக் இன்ன, மாத்தயா" என்றான் அவன். கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று. அக்கரையில் யாருக்காவது சாவா என்றும் கேட்டான்.

'இன்னும் இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கரையில், ஹெந்தளையில், சவரிமுத்து அண்ணை இருந்தார். நான் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் அவர் சாகக்கூடும். அவருக்குக் கொடுத்த அதே மருந்து என் வயிற்றுக்குள்ளும் கிடந்தது. தோணியின் ஈரப் பலகையில் மீன் மணம். ஆட்டுக்குட்டி ஏறியது. என் வேட்டியை நக்கியது.

இங்கே ஒரு திருத்தம். போன கிழமை நான் எழுதிய டிராம் கதையில் நிறுத்தங்களைப் பிழையாக எண்ணிவிட்டதாக ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இரண்டு இரவுகள் படுத்துக் கிடந்து எண்ணிப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி. ஒன்று குறைந்துவிட்டது. வெள்ளவத்தையில் என் ஜன்னலுக்குக் கீழே ரயில் போகும்போதெல்லாம் பெட்டிகளை எண்ணுகிற எனக்கு இது அவமானந்தான். இந்தக் கிழமை எண்ணிக்கைகளை மூன்று தரம் சரிபார்த்திருக்கிறேன்.

பிரசங்கத்தில் நித்திரை

இரண்டாம் உலக யுத்தம் வரும், வராது என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். நான் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். குடியிருந்தது கொட்டாஞ்சேனையில், கோயில் மணி கட்டிலை உலுக்குகிற தூரத்தில்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குச் சுவாமி பிரான்சிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்ததால் அவருடைய தமிழ் என்னுடையதைவிட யாழ்ப்பாணத் தமிழ். கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு வரும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சனம் பிரசங்கத்தில நித்திரை கொள்ளுறது என்ர பிழை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன். புழுவின்ர பிழையாம். அப்போதிக்கரி சொல்லுறார்."

அப்போதிக்கரி என்றால் நகரசபை மருந்துச்சாலையில் இருந்த காசிம் ஐயா. டாக்டருக்கு ஒரு படி கீழே, ஆனால் சனத்துக்கு அவர்தான் டாக்டர். கொழும்பில் பல தலைமுறையாக இருந்த முஸ்லிம் குடும்பம். எங்கள் ஞானோபதேச வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாற்பத்தாறு பிள்ளைகள். முப்பத்தொரு பிள்ளைகளுக்கு இமையின் உட்புறம் வெள்ளைத் தாள் போல இருந்தது. கொழுக்கிப்புழு. வெறுங்காலில் ஏறி, குடலில் தொங்கி, இரத்தம் குடிக்கிற புழு.

அதிலிருந்துதான் கோயில் சுகாதார சபை தொடங்கியது. அங்கத்தவர் பதினொருவர், காரியதரிசி நான். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னோம். நகம் வெட்டினோம். கக்கூசுக்குப் போகும்போது மரக்கட்டைச் செருப்பாவது போடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். சுவாமி ஒவ்வொரு பிரசங்கத்தின் முடிவிலும் ஒரு வரி சுகாதாரம் சொல்வார். மோட்சத்தைப் பற்றிப் பேசி முடித்த அதே குரலில், "சோத்துக்கு முன்னம் கை கழுவுங்கோ, ஆமென்" என்பார். 'ஆமென்' என்று சனமும் சொல்லும். அப்படிச் சொன்னபின் கழுவாமல் இருக்க முடியுமா? சிலர் இருந்தார்கள். ஆனால் பயத்தோடு இருந்தார்கள்.

வெறும் வயிறு

புழு மருந்து கொடுப்பதில் ஒரு சிக்கல். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். மருந்துச்சாலைக்கு வருகிறவர்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் பண்ணுவார்களாம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்று நினைத்தாலும் நல்ல யோசனைதான்.

அந்த நாட்களில் நற்கருணை, அதாவது ஆண்டவரே உள்ளே வருகிறார் என்று பூசையில் நாங்கள் விழுங்கும் 'நன்மை' அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமம் பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றும் தொடக்கூடாது. தண்ணீர்கூட இல்லை. பல் துலக்கும்போது ஒரு துளி உள்ளே போய்விட்டதென்று அழுதுகொண்டு திரும்பிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே ஞாயிறு முதற்பூசை முடிந்து வெளியே வருகிற சனத்தைப்போல வெறும் வயிற்றுச் சனம் கொழும்பில் வேறெங்கும் கிடையாது.

காசிம் ஐயா சந்தோஷப்பட்டார். "எங்கட நோன்பு பகல்ல, ஒங்கட நோன்பு ராவையில. எனக்கு வயிறு காலியா ஈந்தாப் போதும்" என்றார்.

பிறகு சொன்னார்: "ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு கேள்வி கேளுங்க தம்பி. இண்டைக்கு ஏதும் சாப்பிட்டீங்களா? நேத்தோ இண்டைக்கோ சாராயம், கள்ளு ஏதும் குடிச்சீங்களா? இடாப்பில ரெண்டுக்கும் கட்டம் போடுங்க."

கட்டம் போட்டேன். சிவப்பு மையால், அடிமட்டம் வைத்து.

சனிக்கிழமை எழுதிய பதில்கள்

பெயர் கொடுத்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர், முதலாவது பெயர் என்னுடையது. ஆளுக்கு மூன்று மருந்துக் குளிசை. சனிக்கிழமை பின்னேரம் இடாப்பை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு கேள்விக்கு அரை நிமிஷம் வைத்தாலும், இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். சனம் பசியில் நிற்குமா?

அதைவிட வேறொன்றும் உறுத்தியது. இப்போதுதான் நற்கருணை வாங்கி வந்த ஒருவரைப் பார்த்து, 'சாப்பிட்டீரா?' என்று எல்லாருக்கும் முன்னால் கேட்பது எப்படி? பாவத்தோடு வாங்கினீரா என்று கேட்பது போலல்லவா? சாராயக் கேள்வி அதைவிட மோசம். மதுவிலக்குக்காரர்களின் போதனையைக் காசிம் ஐயா மருந்தோடு சேர்த்துக் கரைக்கிறார் என்றே நினைத்தேன்.

ஆகவே முதல் கட்டத்தில் நூற்றுப் பதினெட்டு 'இல்லை' எழுதினேன். இரண்டாவது கட்டத்திலும் நூற்றுப் பதினெட்டு 'இல்லை'. என் கையெழுத்து அப்போது மணி மணியாக இருக்கும்.

எழுதி முடித்துவிட்டு நேரே போனது சவரிமுத்து அண்ணை வீட்டுக்கு. அவர் துறைமுகத்தில் சரக்குப் படகை நடத்துகிற தண்டையல். ஹெந்தளையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி அன்றுதான் வந்திருந்தது. பொரித்த இறால், சாராயம், சிரிப்பு. நான் குடிப்பதில்லை. எண்ணினேன். அண்ணை நாலு கிளாஸ்.

எழும்பும்போது அவருக்கு ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். "அண்ணை, பன்னிரண்டுக்குப் பிறகு தண்ணியும் கூடாது. நாளைக்கு நன்மை வாங்கவெல்லோ வேணும்."

"எனக்குத் தெரியாதே? நீர் போய்ப் படும்" என்றார்.

நாலு கிளாசை எண்ணிய அதே ஆள்தான் அன்று பின்னேரம் அவர் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதியவன். அந்த நேரம் இரண்டும் என் மண்டையில் சந்திக்கவேயில்லை.

காசிம் ஐயாவின் விரல்

ஞாயிறு எல்லாம் அழகாக நடந்தது. கோயிற் பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசை. மூன்று குளிசை, ஒரு குவளைத் தண்ணீர், அடுத்தவர். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பேதி உப்பு கொடுக்க வேண்டும். அதுவரை வாங்குப் பலகைகளில் அமர்ந்து செபமாலை சொல்லும்படி சுவாமி சனத்துக்குச் சொல்லியிருந்தார்.

காசிம் ஐயா இடாப்பை எடுத்து இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"நேத்துக் குடிச்ச ஆள் ஒருத்தரும் இல்லையா?"

பக்கத்தில் சுவாமி நின்றார். "ஒருத்தரும் இல்லை ஐயா" என்றேன்.

"நல்லது. இந்த மருந்து சாராயத்தோட சேர்ந்தா ஈரலைத் தின்னும். ரெண்டு மூணு நாள்ல கண் மஞ்சளாகும். பிறகு பாய்தான்."

அந்த மருந்தைப் பின்னாளில் கைவிட்டுவிட்டார்கள். இன்றைக்குப் புழு மருந்து குடிக்கிறவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அன்று எனக்கு முன்னால் நாலு கிளாஸ் வரிசையாக வந்து நின்றன.

மண்டபத்தைப் பார்த்தேன். சவரிமுத்து அண்ணை இல்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் இடாப்பைப் பிடுங்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்கு ஓடினேன்.

அவருடைய மனைவி அன்னம்மா அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. "அவர் பேரனைப் பாக்க ஹெந்தளைக்கு வெளிக்கிட்டிட்டார். ஏன், என்ன?"

"ஒரு கையெழுத்து விடுபட்டுப் போச்சு அக்கா."

"உவருக்குக் கையெழுத்து எங்கை தெரியும்? பெருவிரலைத் தூக்கிக்கொண்டெல்லோ திரியிறார்." சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. "காலமை எழும்பினதிலயிருந்து தலையிடி, வயித்தைக் குமட்டுது எண்டவர். ஏன் தம்பி, உமக்கும் முகம் வெளிறிக் கிடக்கு?"

ரிக்‌ஷா பிடித்தேன். அப்படித்தான் அந்தத் தோணிக்கு வந்து சேர்ந்தேன்.

அக்கரையில்

தோணி கரை தட்டு முன்னமே குதித்தேன். ஒரு செருப்பு சேற்றோடு போனது. வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன காரியதரிசியாகிய நான் ஒற்றைச் செருப்போடு ஹெந்தளை மணலில் ஓடினேன்.

மகள் வீட்டுத் தென்னைமரத்தடியில், வாங்கில் காலை மடித்து இருந்தார் சவரிமுத்து அண்ணை. உயிரோடுதான். நல்ல சந்தோஷத்தோடு. இடது கையில் நுரை தள்ளுகிற கள்ளுக் கோப்பை. வலது உள்ளங்கையில் விரித்த லேஞ்சிக் கைக்குட்டை. லேஞ்சியில் மூன்று குளிசை, கொஞ்சம் ஒட்டுப்பட்டு.

"வாரும் தம்பி, நல்ல நேரத்தில வந்தீர். இப்ப மணி எத்தினை?"

"அண்ணை, அது..."

"மருந்தை விழுங்கேல்லை எண்டு பிடிக்க வந்தனீரோ? நான் ஏமாத்துக்காரன் இல்லைப் பாரும். வாயில கொடுப்புக்கை வைச்சிருந்து லேஞ்சிக்கை எடுத்தனான். ஆண்டவர் அப்பதான் உள்ளுக்கை போயிருக்கிறார், அவருக்கு மேல பூச்சி மருந்தை ஊத்துறதே? இப்ப நேரமாச்சு, அவர் போயிருப்பார். சுவாமிக்குக் குடிக்கிறன் எண்டு சொன்னனான். இந்தா, குடிக்கிறன்."

மூன்றையும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். கள்ளுக் கோப்பையும் கூடவே உயர்ந்தது.

நான் வாழ்நாளில் ஒருவரையும் அடித்ததில்லை. அன்று தண்டையலின் கையில் ஓங்கி அடித்தேன். கள்ளு அவருடைய சேர்ட்டில். குளிசை மண்ணில். ஒரு கோழிப்பேடு ஓடி வந்தது. அதைக் காலால் துரத்திவிட்டு நிலத்தில் முழங்காலிட்டுத் தேடினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது வாங்கின் காலடியில்.

"என்ன ஐசே, விசரே உமக்கு!"

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கட்டம், நூற்றுப் பதினெட்டு 'இல்லை', ஈரல், கண், பாய். அவர் சேர்ட்டைப் பிழிந்துகொண்டே கேட்டார். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் இலேசாகியது. அந்த மணலிலேயே படுத்திருப்பேன்.

அண்ணைதான் கேட்டார்: "அப்ப மற்ற ஆக்கள்?"

"எந்த மற்ற ஆக்கள்?"

"சனிக்கிழமை இரவு கொட்டாஞ்சேனையில நான் ஒருத்தன் மட்டுமோ குடிச்சது?"

எண்ணுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணியதை மட்டுந்தான் அவன் காண்பான். நான் நாலு கிளாசை எண்ணினேன். மற்ற வீடுகளில் எண்ண நான் இருக்கவில்லை.

"எழும்பும்" என்றார் அண்ணை. மிச்சக் கள்ளை மரத்தடியில் ஊற்றினார். பேரனைப் பார்த்தது போதுமென்று மகளுக்குச் சொல்லிவிட்டு என்னோடு வந்தார். திரும்புகிற தோணியில் ஏழு பேர்தான். அண்ணை தோணிக்காரனிடம் மிச்ச ஐந்து பேருக்கும் இந்தத் தம்பி காசு தருவார் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு அந்த யோசனை ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

மண்டபத்தில்

பேதி உப்புக் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. வாசலிலிருந்தே சொல்லத் தொடங்கினேன், நின்றால் சொல்லமாட்டேன் என்று பயம். "ஐயா, நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. சனிக்கிழமையே எழுதி வைச்சிட்டன்." மண்டபம் முழுக்கக் கேட்டது. செபமாலை நின்றுபோனது.

காசிம் ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"தெரியும் தம்பி. நூத்திப் பதினெட்டுப் பேர்ல ஒருத்தனும் நேத்துக் குடிக்காத கொட்டாஞ்சேனையை நான் இன்னும் பாக்கல்ல. நீங்க ஓடின ஒடனே நான் ஒவ்வொருத்தரா காதோட கேட்டன்."

பதினொரு பேர் ஒத்துக்கொண்டார்களாம். நான் அவமானம் என்று பயந்த கேள்விக்கு, காதோடு கேட்டதும் பதில் வந்துவிட்டது. பதினொரு பேரில் நாலு பேர் சவரிமுத்து அண்ணையைப் போலவே ஆண்டவருக்கு மரியாதை கொடுத்து, குளிசையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்கள். ஏழு பேர் விழுங்கியிருந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் முதலிலேயே உப்புக் கொடுத்து, ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, கடைசி வாங்குகளில் படுக்க வைத்திருந்தார்.

சுவாமியைப் பார்த்தேன். பிரெஞ்சு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. பிறகு தமிழில், "பாவசங்கீர்த்தனத்துக்குச் சனிக்கிழமை வாரும். இப்ப போய் அந்த ஏழு பேருக்கும் பக்கத்தில இரும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் நற்கருணைக்குப் பின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். கால் மணித்தியாலம். அதற்குப் பிறகு மருந்து குடிக்கலாம், ஆண்டவர் கோபிக்கமாட்டார். அன்று பூசை முடிய சேலைத் தலைப்பிலிருந்தும் செபப் புத்தகத்திலிருந்தும் எண்பத்தேழு குளிசைகள் திரும்பி வந்தன. இருபத்தொன்பது பேர். எல்லாரும் நல்ல சனம்.

மூன்று காலைகள்

ஏழு பேருக்கும் அன்று பின்னேரம்வரை ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது காசிம் ஐயா சொன்னார்: "மூணு நாள். கண்ணைப் பாருங்க. ஒரு சொட்டும் குடிக்க விடாதீங்க."

திங்கள் விடிய ஐந்தரைக்கு முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏழு வீடு, பதினாலு கண். கந்தோருக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். வெள்ளை. செவ்வாயும் வெள்ளை. இரண்டு நாளும் நான் சோறு தின்றதாக நினைவில்லை.

புதன்கிழமை ஆறு வீடும் முடிந்தது. பன்னிரண்டு கண், வெள்ளை. ஏழாவது பிலிப்பு அண்ணை, துறைமுகத்தில் கரி ஏற்றுகிறவர். வீட்டில் இல்லை. வேலை முடிந்து வந்துகொண்டிருக்கிறார் என்று மனைவி சொன்னா. வாசற்படியில் குந்தியிருந்தேன். ஏழு மணி. ஏழேகால். ஒழுங்கையின் முடக்கில் உடம்பெல்லாம் கரியோடு ஒரு உருவம் வந்தது.

ஓடிப்போய் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மஞ்சள் இல்லை. ஆனால் இரண்டு கண்ணும் சிவந்து கிடந்தன.

ஒழுங்கையில் தண்ணீர் அள்ள நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமாகவே கேட்டேன்.

"அண்ணை, நேற்றுக் குடிச்சனீங்களோ?"

"கரித்தூள் ஐசே. ராத்திரி முழுக்கக் கப்பலுக்குக் கரி ஏத்தினது."

"சத்தியமா?"

"அவர் சொல்லுறது உண்மை தம்பி" என்றா வாசலிலிருந்து மனைவி. "கலியாணம் கட்டி ஒன்பது வருஷத்தில மூண்டு நாள் குடியாமல் இருந்தது இதுதான் முதல் தரம். உமக்குப் புண்ணியம் கிடைக்கும், ஒரு மாசம் வந்து பாத்திட்டுப் போம்."

"உள்ளுக்குப் போடி" என்றார் பிலிப்பு அண்ணை. ஆனால் கண்ணை எனக்கு விரித்தே காட்டிக்கொண்டு நின்றார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், பிறகு மேலே தூக்கிப் பார்த்தேன். கரிக்கும் சிவப்புக்கும் நடுவில், மூலையில், கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. பதின்மூன்று. மற்றக் கண்ணிலும். பதினாலு.

அவர் வீட்டிலேயே இருந்து, அந்த அக்கா தந்த பாணையும் பருப்பையும் தின்றேன். எத்தனை துண்டு என்று எண்ணவில்லை.